ஆழமான பாத் டப்: வீட்டில் வைத்தவர்கள் அனுபவம்

மார்த்தாண்டத்திலிருந்து:

பாத் டப் வாங்கலாமா என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு மூட்டு வலி. பாறசாலைப் பக்கம் ஒரு வைத்தியசாலையில் அவகாகம் என்று கஷாயம் கலந்த வெந்நீரில் இடுப்பு மூழ்க உட்கார வைத்தார்கள். அங்கே போய் வரும்போதெல்லாம், "இது போல ஒண்ணு நம்ம வீட்டுல இருந்தா கொள்ளாம்" என்பார். பின்பக்கக் குளியலறையில் டைல்ஸ் எப்படியும் பெயர்ந்து கிடந்தது. அதை உடைத்துச் செய்யும்போதே டப்பும் வைத்துவிடலாம் என்று தீர்மானித்தோம்.

கடையில் போய் நின்றால் எல்லாரும் நிறம், வடிவம், தங்கக் கலர் குழாய் என்றுதான் காட்டுவார்கள். பார்க்க வேண்டியது தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை. டப்பின் வெளி உயரத்தை நம்பாதீர்கள். உள்பக்கம் ஓவர்ஃப்ளோ ஓட்டை ஒன்று இருக்கும், தண்ணீர் அதற்கு மேல் ஏறாது. திருவனந்தபுரத்தில் ஒரு ஷோரூமில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டேன். கடைப் பையன் பதறிப்போய், "சேச்சி, அது டிஸ்ப்ளே பீஸாணு" என்றான். இருக்கட்டும் தம்பி என்று சொல்லி, டேப்பை அடியில் ஊன்றி ஓட்டை வரை பிடித்தேன். 11 அங்குலம். வெளியே 18 அங்குலம் நிற்கிற டப் அது! காலை நீட்டி உட்கார்ந்தால் தொடை மூழ்கும், அதோடு சரி. சாய்ந்து படுத்தால் தோள் நனையும், ஆனால் முட்டி மடங்கி வெளியே வந்துவிடும். முட்டிக்காகத்தானே வாங்குகிறோம்?

ஊறிக் கிடக்க வேண்டும் என்றால் ஓட்டைக்குக் கீழே 15, 16 அங்குலமாவது வேண்டும். ஜப்பான்காரர்கள் பாணியில் நீளம் குறைந்து ஆழம் கூடிய டப்புகள் வருகின்றன. நாலடி நீளம்தான், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தோள் வரை மூழ்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விளிம்பு ஏறக்குறைய 27 அங்குலம். காலைத் தூக்கவே சிரமப்படுகிறவர் அதை எப்படித் தாண்டுவார்?

கடைசியில் 24 அங்குல உயர அக்ரிலிக் டப் ஒன்றை எடுத்து, 6 அங்குலம் தரைக்குள் இறக்கினோம். குளியலறை தரைத்தளத்தில் இருக்கிறது, அடியில் வெறும் மண், அதனால் முடிந்தது. இப்போது விளிம்பு 18 அங்குலத்தில், நாற்காலி உயரத்தில் நிற்கிறது. ஒரு பக்கம் செங்கல் கட்டி டைல் ஒட்டிய சின்னத் திண்டு. அக்ரிலிக் விளிம்பிலேயே ஆளை உட்கார வைக்கக் கூடாது, நாளடைவில் வெடிக்கும் என்று மேஸ்திரி சொன்னதால் கட்டியது. அம்மா திண்டில் உட்கார்ந்து, ஒரு காலை உள்ளே போட்டு, சுவர்க் கம்பியைப் பிடித்து அடுத்த காலையும் போட்டு மெல்ல இறங்குகிறார். டப் எது என்பதைவிட அந்தத் திண்டும் கம்பியும்தான் எங்களுக்கு முக்கியமாகப் போய்விட்டது.

அடுத்து வெந்நீர். இதை ஒரு கடையிலும் யாரும் கேட்கவில்லை. எங்கள் டப் ஓட்டை வரை 260 லிட்டர் பிடிக்கும். ஆள் இறங்கினால் உடம்பு 60, 70 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆக 190 லிட்டர் நிரப்பினால் போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், குளிக்க 39 டிகிரி வேண்டும். 25 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பச்சைத் தண்ணீர் கலந்தால் கிடைப்பது 70 லிட்டருக்குள்தான். டப்பில் கணுக்காலைத் தாண்டிக் கொஞ்சம் நிற்கும், அவ்வளவே. மறுபடி சூடாகிற வரைக்கும் காத்திருந்தால் முதலில் விட்டது ஆறிப் போகும். கணக்குப் பார்த்தால் 60 டிகிரியில் 70 லிட்டர் வெந்நீர் ஒரே மூச்சில் கிடைக்க வேண்டும். அதனால் மாடியில் 100 லிட்டர் சோலார் வைத்தோம். நம் பக்கம் இரண்டு மழைக்காலம் என்பதால் அதற்குள்ளேயே கரண்ட் காயிலும் உண்டு. காயிலில் மட்டும் சூடாக்கினால் ஒரு குளியலுக்கு இரண்டரை, மூன்று யூனிட் ஓடும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. எங்களுடையது வெட்டுகல் என்கிற செம்பாறை பூமிக் கிணறு, தண்ணீரில் இரும்பு உண்டு. வெள்ளை டப்பில் குழாய்க்கு நேரே துருக்கோடு விழும். எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகிறது. டாய்லெட் ஆசிடை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பளபளப்பு செத்துவிடும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, பிளம்பிங் வேலை செய்பவர்:

அக்கா, தரைக்குள் இறக்கினது நல்ல யோசனைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் கடப்பாரையைத் தூக்கிவிட வேண்டாம். முதலில் வெளியே சேம்பர் (கழிவுநீர்க் குழாய் போய்ச் சேருகிற தொட்டி) எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டப் 6 அங்குலம் இறங்கினால் அதன் வடிகால் வாய் அதற்கும் கீழே போகும், டிராப் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் நிற்கிற பைப் வளைவு) இன்னும் கீழே. அங்கிருந்து சேம்பர் வரைக்கும் பைப்புக்கு வாட்டம், அதாவது சரிவு, வேண்டுமே, மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டராவது. பழைய வீடுகளில் சேம்பரே மேலேதான் இருக்கும். அப்படி ஒரு வீட்டில் டப்பை இறக்கி, டைல்ஸும் ஒட்டி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அடியில் எப்போதும் ரெண்டு விரல் தண்ணீர் நிற்கிறது, வாளியில் மொண்டு ஊற்றுகிறார்கள். நான் போய் என்ன செய்ய? திரும்ப உடைக்கச் சொன்னேன், என் மேல் கோபம்.

டப்பை வைத்துச் சுற்றிலும் கட்டுவதற்கு முன்னால், வாய் வரை நிரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அடியில் காகிதம் வைத்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். ஓவர்ஃப்ளோ பைப் இணைப்பு அடிக்கடி ஏமாற்றும், அதுவும் நனைகிற வரை நிரப்புங்கள். வடிகால் பக்கம் பழுது பார்க்க ஒரு சின்னக் கதவு விட்டே ஆக வேண்டும். அழகு கெடுகிறது என்று பூசி மூடச் சொல்கிறவர்கள்தான் ரெண்டு வருஷத்தில் சுத்தியலோடு நிற்கிறார்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்களுக்கு இன்னொன்று. எண்ணெயும் பயத்தமாவும் டிராப்பில் சேர்ந்தால் களிமண் மாதிரி கட்டிக்கொள்ளும். பயத்தமாவை வெளியே தேய்த்துக் கழுவிவிட்டு டப்பில் இறங்கச் சொல்லுங்கள். எண்ணெய்க் காலோடு அக்ரிலிக்கில் நின்றால் வழுக்கவும் வழுக்கும்.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா போர் தண்ணீர் கடினத் தண்ணீர், உப்புப் படியும். இங்கே ஜெட் வைத்த ஜக்குஸி கேட்டு வருகிறவர்களிடம் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். ஜெட் வாய் அடைத்துப் போகும், பைப்புக்குள் தேங்குகிற தண்ணீர் நாறும். வெறும் டப் போதும்.

செங்கோட்டையிலிருந்து:

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தொட்டிக்குளியலா என்று எங்கள் வீட்டில் கேலிதான். மகளுக்கு ஆசை, அதுவும் மாடிக் குளியலறையில்.

இஞ்சினியர் வந்து ஒரு கணக்குப் போட்டார். வீட்டுக் குளியலறைத் தளத்துக்கு இந்தியத் தரக் குறியீட்டில் எடுத்துக்கொள்கிற பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. டப் 40 கிலோ, தண்ணீர் 200 கிலோ, ஆள் 60 கிலோ. 300 கிலோ, ஒன்றேகால் சதுர மீட்டரில் உட்காரும். உத்திரத்தை ஒட்டி, சுவர் ஓரமாக வைத்தால் சமாளிக்கலாம், தளத்தின் நடுவில் வேண்டாம் என்றார். மகள் கேட்டது நடுவில் நிற்கிற வார்ப்பிரும்பு டப். டப் மட்டுமே 150 கிலோவுக்கு மேல். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

அப்புறம் என் மைத்துனர், செங்கலில் தொட்டி கட்டி டைல்ஸ் ஒட்டினால் செலவு மிச்சம் என்றார். அவர் வீட்டில் அப்படித்தான் கட்டியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். சூட்டை முழுக்கச் செங்கலும் சிமெண்டும் குடித்துவிடுகின்றன, தண்ணீர் சீக்கிரம் ஆறுகிறது. முதுகை வைத்தால் டைல்ஸ் சில்லென்று இருக்கிறது. இடுக்கெல்லாம் கறுப்பு. இப்போது அதில் மோட்டார் ஓடாத நாளைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள்.

ஐந்தடி அக்ரிலிக் டப்தான் எடுத்தோம். வந்த பிறகு குளியலறைக் கதவைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. கதவு இரண்டரை அடி, டப்பும் அதே அகலம். மாடிப்படித் திருப்பத்தில் நாலு பேர் டப்பை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆச்சி, "யாருக்குய்யா படகு?" என்று கேட்டார்.

பிளம்பர் தம்பியிடம் ஒரு கேள்வி: மாடியில் சிறு கதவு எங்கே விடுவது? எங்கள் டப்பின் வடிகால் சுவர்ப் பக்கம் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை:

ஐயா, சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை அலமாரியோ வராண்டாவோ இருந்தால் அங்கிருந்து திறக்கிற மாதிரி விடலாம். அதுவும் இல்லையென்றால் டப்பைத் திருப்பிப் போட முடியுமா என்று பாருங்கள். வடிகால் இடது, வலது என்று கேட்டு வாங்குகிற மாடல்கள் இருக்கின்றன.

மார்த்தாண்டம்:

எங்கள் சிறு கதவு வெளிச்சுவரில், கிணற்றடிப் பக்கம் இருக்கிறது. சேம்பரும் அங்கே தாழ்வாகவே இருந்ததால் வாட்டம் கிடைத்தது.

பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் பற்றித் தனியாகக் கேட்டிருந்தார்கள். அம்மாவும் போடுகிறார். டாக்டரிடம் கேட்ட பிறகுதான் ஆரம்பித்தோம். வெந்நீரில் ரத்தக்குழாய் விரிந்து பிரஷர் இறங்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்றார். அதனால் 40 டிகிரிக்கு மேல் போவதில்லை, கால் மணி நேரத்துக்கு மேல் உட்காருவதும் இல்லை. தண்ணீரை முதலில் வடியவிட்டு, அது இறங்கின பிறகுதான் அம்மா எழுந்திருப்பார். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம். அதற்கு மட்டும் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, திரைச்சீலை போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்.