2018-இல் பிளிட்சாவ்ஸுக்குக் கார்ஜி கிரீவ்ஸ் பதக்கம் கொடுத்தது சரிதானா?

மஞ்சக்குப்பம் டீச்சர்

வணக்கம். கடலூரில் உடற்கல்வி ஆசிரியையாக முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மகளும் மருமகனும் ஆஸ்திரேலியாவில் ஜீலாங் நகரத்தில் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பல ஆண்டுகளாகத் தீராத ஒரு வழக்கு இருக்கிறது. இங்கே ஆஸ்திரேலியக் கால்பந்து பார்க்கிறவர்கள் சிலர் இருப்பதால் உங்கள் முன் வைக்கிறேன்.

2018-இல் மகளின் பிரசவத்துக்காக அங்கே போய் ஆறு மாதம் தங்கினேன். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது மருமகன் என்னைக் கார்டினியா பார்க் மைதானத்துக்கு அழைத்துப் போனார். இரண்டு சால்வை போர்த்தியும் கடற்காற்று எலும்பைத் துளைத்தது. கோல் கம்பங்களுக்குப் பின்னால் எங்களுக்கு இடம். அங்கே ஒரு முனைக்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1 புள்ளி. அந்த இடத்திலிருந்து பார்த்ததால்தானோ என்னவோ, எல்லாரும் பந்தைப் பார்க்க, நான் ஒரே ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க் பிளிட்சாவ்ஸ். 198 சென்டிமீட்டர் உயரம். முதலில் தடைகளைத் தாண்டி ஓடுகிற ஸ்டீப்பிள்சேஸ் ஓட்டக்காரராக இருந்து, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இடம் கிடைக்காமல் போன பிறகு இந்த ஆட்டத்துக்கு முழுதாக வந்தவர். அந்த ஆண்டு அவரைப் பின்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

பந்து உயரத்தில் வரும். எதிரணி முன்வரிசைக்காரர் இரண்டு கைகளையும் நீட்டிக் குதிப்பார். பின்னாலிருந்து இவருடைய முஷ்டி மட்டும் அவர் தோளுக்கு மேலே வந்து பந்தைத் தட்டிவிட்டுப் போகும். இவருக்குப் பந்தும் கிடைக்காது, புள்ளியும் கிடையாது. மைதானத்தில் கைதட்டல்கூட எழாது. அடுத்த நொடியே அடுத்த ஆளை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார். இதை நான் பதினாறு முறை எண்ணினேன்.

அந்த ஆண்டு ஜீலாங் அணி எட்டாவது இடம் பிடித்து, இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே மெல்போர்ன் அணியிடம் தோற்று வெளியேறியது. பிறகு கழகத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான கார்ஜி கிரீவ்ஸ் பதக்கம் பிளிட்சாவ்ஸுக்குப் போனது. 2015-க்குப் பிறகு அது அவருக்கு இரண்டாவது முறை. மருமகனுக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. "அத்தை, அப்போது நம் அணியில் பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்டு இருந்தார், கேரி ஆப்லெட் இருந்தார், கேப்டன் ஜோயல் செல்வுட் இருந்தார். பந்து எங்கே இருந்தாலும் அங்கே இருந்தவர்கள் இவர்கள். இவர்களை விட்டுவிட்டுப் பந்தைத் தட்டிவிடுகிறவருக்கா கொடுப்பது? பயிற்சியாளர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போடுகிற ஓட்டுக்கு என்ன கணக்கு?" என்கிறார்.

நான் பயிற்சியாளர்கள் பக்கம் நிற்கிறேன். அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

பள்ளிக் கபடி அணிக்கு நான் பயிற்சி கொடுத்த காலத்தில் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அன்றிரவே ஒரு நோட்டில் ஏழு பேருக்கும் ஐந்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு வைப்பேன். 1997-இல் ஒன்பது ஆட்டங்கள் ஆடினோம். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெண் இடது கார்னரில் நிற்பாள். கணுக்கால் பிடியில் அவளுக்கு இணையாக இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை. என் நோட்டில் அவளுக்கு 37, எங்கள் ரைடருக்கு 33. ஆனால் ரைடரின் படம் பத்திரிகையில் வந்திருந்தது. ஆண்டு விழாவில் சிறந்த ஆட்டக்காரி கோப்பையை ரைடருக்கே கொடுக்க வேண்டும் என்று மேடையில் இருந்த பெரியவர்கள் சொன்னார்கள். நான் நோட்டை எடுத்துக் காட்டவில்லை, சரி என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முந்தின வாரப் பிடியில் இரண்டு விரல்கள் சுளுக்கி, சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. அதனால் விரல்களை விரித்துத் தூக்கிக்கொண்டு உள்ளங்கைகளால் மட்டும் கைதட்டினாள். சத்தமே வரவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். ஆட்டக்காரரை யார் மதிப்பிட வேண்டும்? அம்பயரா, பயிற்சியாளரா, பார்க்கிற நாமா?

நெல்லிக்குப்பத்தான், இப்போது வெரிபீ

டீச்சர், நான் இருப்பது மெல்போர்னுக்கும் ஜீலாங்குக்கும் இடையில். ரயிலேறினால் கார்டினியா பார்க் பக்கம். உங்கள் மருமகனைப் போல வாதாடுகிற ஆட்களோடுதான் தினமும் வேலை பார்க்கிறேன்.

முதலில் இரண்டு ஓட்டுகளையும் பிரித்துக்கொள்ள வேண்டும். போட்டித் தொடர் முழுமைக்குமான பிரவுன்லோ பதக்கத்துக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் அம்பயர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் மூன்றே பேருக்கு 3, 2, 1. மற்ற நாற்பதுக்கும் மேற்பட்ட பேரும் அன்றைக்கு மைதானத்துக்கே வராதவர்கள் மாதிரிதான். கழகப் பதக்கத்தில் அப்படி இல்லை. தலைமைப் பயிற்சியாளரும் துணைப் பயிற்சியாளர்களும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு தங்கள் ஆட்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். இன்னாரைப் பிடித்து நிறுத்து என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதைச் செய்தானா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. முறை கழகத்துக்குக் கழகம் மாறும், அடிப்படை இதுதான். நீங்கள் நோட்டில் எழுதியதும் இதையேதான்.

பின்வரிசைக்காரர்கள் கழகப் பதக்கம் வாங்குவதற்குக் காரணம் இதுதான். 2000-இல் எசெண்டன் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது, கோப்பையையும் வென்றது. அப்படிப்பட்ட அணியில் கழகப் பதக்கம் டஸ்டின் ஃபிளெட்சருக்குப் போனது. 2015-இல் ரிச்மண்டில் அலெக்ஸ் ரான்ஸ் வாங்கினார். இருவரும் கோலைக் காக்கிறவர்கள்.

ஆனால் இந்த முறையால் அடிபட்டவர்களும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். கேரி ஆப்லெட்டின் தந்தை, அவர் பெயரும் கேரி ஆப்லெட்தான். ஜீலாங் சட்டை போட்டவர்களில் அவரைப் போல ஒருவர் பிறக்கவில்லை என்பார்கள். 1989 இறுதி ஆட்டத்தில் ஹாதார்ன் அணிக்கு எதிராக 9 கோல் அடித்தார். அணி 6 புள்ளியில் தோற்றது, அப்படியும் அன்றைய சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 1993-இல் 17 ஆட்டங்களில் 124 கோல். அப்படிப்பட்டவருக்குக் கார்ஜி கிரீவ்ஸ் பதக்கம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, 1984-இல், கிடைத்தது. அவரோடு ஆடிய கேரி ஹாக்கிங் நான்கு முறை வாங்கினார். வாரம் தவறாமல் நன்றாக ஆடுகிறவருக்கு மதிப்பெண் சேர்ந்துகொண்டே போகும். நாலு வாரம் மலையைப் புரட்டிவிட்டு மூன்று வாரம் காயத்தோடு வீட்டில் இருப்பவருக்கு அப்படிச் சேராது. ஹாக்கிங்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆப்லெட்டின் பெயருக்கு நேராக ஒன்று என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

உப்பளம் ரெஃப்ரி

புதுச்சேரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கால்பந்துக்கு விசில் ஊதுகிறவன் நான். அம்பயர்களுக்காகப் பேச இங்கே யாரும் இல்லாததால் நான் பேசுகிறேன்.

அம்பயரின் கண் பந்தோடு போகிறது, அதனால் பந்தைத் தொடுகிறவனே அவர் நினைவில் நிற்கிறான் என்பது உண்மைதான். உப்பளத்தில் ஆட்டம் முடிந்து யார் நன்றாக ஆடினார்கள் என்று கேட்டால் எனக்கும் முதலில் நினைவுக்கு வருவது நடுக்களத்தில் ஓடியவர்கள்தான். 2024-இல் கார்ல்டனின் பேட்ரிக் கிரிப்ஸ் 45 ஓட்டு வாங்கிச் சாதனை படைத்தார். அவரும் நடுக்கள வீரர். கோலுக்கு மிக அருகில் நின்று கோல் அடிக்கிற ஃபுல் ஃபார்வர்டாக ஆடி பிரவுன்லோ வாங்கியவர் 1987-இல் டோனி லாக்கெட் ஒருவர்தான். அதையும் அவர் ஜான் பிளாட்டனோடு பங்கிட்டுக்கொண்டார். ஆகவே நெல்லிக்குப்பத்து நண்பர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அம்பயருக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்று யாரும் இல்லை. பயிற்சியாளருக்கு உண்டு. தான் கண்டுபிடித்து வளர்த்த பையன், தான் சொன்னதை எதிர்த்துப் பேசாத பையன், அடுத்த ஆண்டு வேறு அணிக்குப் போய்விடுவானோ என்று பயப்பட வைக்கிற பையன். இவ்வளவும் தெரிந்த ஒருவர் கையில் பேனா இருக்கும்போது எழுதுகிற எண் சுத்தமாக இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. டீச்சரின் நோட்டு சுத்தமானது என்று நம்புகிறேன். எல்லா நோட்டுகளையும் அப்படி நம்புவது எப்படி?

எனக்குப் பிடித்த முறை அங்கேயே இன்னொன்று இருக்கிறது. பயிற்சியாளர்கள் சங்கத்தின் விருது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களும் தனித்தனியாக ஐந்து பேருக்கு 5, 4, 3, 2, 1 என்று ஓட்டுப் போடுகிறார்கள். எதிரணி ஆளுக்கும் போடலாம். வாரந்தோறும் ஓட்டு வெளியாகிறது. எதிரணியின் பயிற்சியாளர் தன்னை அழ வைத்தவனின் பெயரை எழுதுகிறார் பாருங்கள், அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

கெடிலக்கரை

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். ஜீலாங்கின் 2022 இறுதி ஆட்டத்தைச் செல்பேசியில் முழுதாகப் பார்த்து ரசிகன் ஆனவன். சிட்னியை 81 புள்ளி வித்தியாசத்தில் வென்ற ஆட்டம். ரசிகர்களும் ஓட்டுப் போட்டால் என்ன தவறு? டிக்கெட் வாங்கி மழையில் நனைகிறவர்களுக்கு ஒரு ஓட்டுகூடக் கிடையாதா?

மஞ்சக்குப்பம் டீச்சர்

தம்பி, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் ரசிகர்களிடம் விட்டிருந்தால் என் பள்ளியில் நடந்ததுதான் எல்லா இடத்திலும் நடக்கும். பத்திரிகையில் படம் வந்தவளுக்குக் கோப்பை போகும்.

ரெஃப்ரி ஐயா எழுதியதைப் படித்த பிறகு நேற்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எதிரணிப் பயிற்சியாளர் யார் பெயரை எழுதியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். பிறகு எழுந்து பீரோவிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். ஓரம் எல்லாம் செல்லரித்திருக்கிறது, ஆனால் எழுத்து நன்றாகத் தெரிகிறது.

கடைசி இரண்டு ஆட்டங்களில் அந்தப் பெண்ணுக்கு 2, 2 என்று போட்டிருக்கிறேன். பக்கத்தில் "பிடி எதுவும் இல்லை" என்று என் கையெழுத்து. அவ்வளவு நாள் நாலும் ஐந்துமாக வாங்கியவளுக்கு ஏன் இரண்டு ஆட்டங்களில் ஒரு பிடிகூட இல்லை என்று நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த ஆட்டங்கள் கண் முன்னால் வந்தன. எதிரணி ரைடர்கள் எல்லாரும் வலப்பக்கமாகவே வந்து தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். இடப்பக்கம் ஒருத்திகூடக் காலை வைக்கவில்லை. அரையிறுதியில் அவர்களுடைய பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று "அந்தப் பக்கம் போகாதே, போகாதே" என்று கத்தியது இப்போது காதில் கேட்கிறது. அவள் அங்கே நின்றதாலேயே பாதி மைதானம் அவர்களுக்கு இல்லாமல் போயிருக்கிறது. நான் அதற்கு இரண்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

இது பிளிட்சாவ்ஸைப் போன்றவர்களுக்கும் நடக்குமே. நல்ல தடுப்பாட்டக்காரர் நிற்கிற பக்கம் பந்தை உதைக்காமல் எதிரணி வேறு பக்கம் திருப்பிவிட்டால், அவர் அன்றைக்கு ஒன்றும் செய்யாதவர் போலத்தானே தெரிவார்? நெல்லிக்குப்பத்துத் தம்பி, அங்கே பயிற்சியாளர்கள் இதைக் கணக்கில் எடுக்கிறார்களா? தெரிந்தால் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பத்தான், இப்போது வெரிபீ

எடுக்க முடியும், டீச்சர். கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த வீடியோவும் அவர்களிடம் இருக்கும். அதில் பந்து இல்லாத இடத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது முழுதாகத் தெரியும். நீங்கள் 2018-இல் உட்கார்ந்திருந்த அதே கோணம். டிவியில் அது அதிகம் வராது. உங்கள் மருமகனை அடுத்த முறை பக்கவாட்டு இருக்கை எடுக்காமல் கோலுக்குப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள்.

உப்பளம் ரெஃப்ரி

டீச்சர், அந்த நோட்டை நீங்கள் இப்படித் திறந்து படித்ததற்கு நன்றி. பயிற்சியாளர்களைப் பற்றி நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே நிற்கட்டும். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார்?

மஞ்சக்குப்பம் டீச்சர்

முதுநகரில் வலை பின்னும் நூல் கடை வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த இரண்டு இரண்டுகளையும் பேனாவால் அடித்துவிட்டு ஐந்து, ஐந்து என்று எழுதிவிட்டேன். மொத்தம் 43.