கன்டினியூட்டிக்குத் தமிழில் என்ன? புதன்கிழமைக்குள் வேண்டும்

பீஷான் ஆசிரியை:
வணக்கம். சனிக்கிழமை நூலகத்தில் உயர்நிலை இரண்டு மாணவர்களுக்கு ஒரு பயிலரங்கு. புதன்கிழமை மாலைக்குள் பயிற்சித்தாள் அச்சுக்குப் போக வேண்டும். எடுத்துக்கொண்டது ஸ்டார் டிரெக் என்னும் அமெரிக்க விண்வெளித் தொடர். அதன் 30ஆம் ஆண்டை ஒட்டி 1996இல் வந்த அத்தியாயத்தில், ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற பிற்காலக் கிளைத்தொடரின் ஆட்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் 1967ஆம் ஆண்டு அத்தியாயத்துக்குள்ளேயே நுழைகிறார்கள். அங்கேதான் சிக்கல். அறுபதுகளில் கிளிங்கன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தாருக்கு நம்மைப்போல் சாதாரண நெற்றி. 1979 படத்திலிருந்து நெற்றியில் எலும்புப் புடைப்பு. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ குழுவின் கிளிங்கனான வோர்ஃப் புடைப்பு நெற்றியோடு உட்கார்ந்திருக்க, எதிரே பழைய கிளிங்கன்கள்! நண்பர்கள் கேட்டால், “வெளியாட்களிடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை” என்கிறார்.
தாளில் இரண்டு கட்டங்கள். ஒன்று ‘பின்னணித் துணுக்குகள்’. மற்றது கன்டினியூட்டி பிழைகளுக்கு, அதாவது முன்னே காட்டியதற்குப் பின்னே காட்டுவது ஒத்துப்போகாத இடங்களுக்கு. அதற்குத் தமிழில் தலைப்பில்லை. கட்டத்தின் அகலம் மூன்று சென்டிமீட்டர்.

தோ பாயோ தம்பி:
அக்கா, ‘தொடர்ச்சிப் பிழை’ என்று போட்டு முடியுங்கள். படப்பிடிப்பில் எல்லாரும் கன்டினியூட்டி என்றுதான் சொல்கிறோம். போன மாதம் ஒரு கோப்பிக்கடைக் காட்சி. கதாநாயகி பையில் கட்டிய கோப்பியைப் பாதி உறிஞ்சிவிட்டுத் திரும்புகிறாள். அடுத்த ஷாட்டில் பை முட்ட முட்ட நிறைந்திருக்கிறது. ரப்பர் பேண்டுகூட நிறம் மாறிவிட்டது. பார்த்துக் குறிக்க வேண்டியவன் நான்தான்.

செங்காங்:
‘தொடர்’ என்றாலே தொலைக்காட்சித் தொடர். தொடரின் தொடர்ச்சியில் தொடர்ச்சிப் பிழை என்று எழுதிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். ‘தொடர்ச்சி 12ஆம் பக்கம்’ என்று பத்திரிகைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மேற்குத் தொடர்ச்சி மலைதான் கண்முன் வருகிறது.
ஒன்றன் முடிவு அடுத்ததன் தொடக்கமாக வருவதற்கு நம்மிடம் அந்தாதி இருக்கிறதே! ‘அந்தாதிப் பிழை’ என்னலாம். ஆனால் அந்தமும் ஆதியும் வடசொற்கள். ஆகவே ‘கோவை’. மணிகளைக் கோப்பதுபோல் காட்சிகளைக் கோப்பது. ‘கோவைப் பிழை’.

தோ பாயோ தம்பி:
கோயம்புத்தூரில் நடந்த பிழை என்று நினைப்பார்கள் அண்ணே.

ஈசூன் ஐயா:
இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை. நன்னூலார் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் ‘மாறுகொளக் கூறல்’ ஒன்று. முன்னே ஒன்று சொல்லிப் பின்னே அதற்கு மாறாகச் சொல்வது. தொல்காப்பிய மரபியலிலும் உண்டு. கிளிங்கன் நெற்றிக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? கூறியது கூறல், குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என எல்லாவற்றையும் மாணவர்கள் இந்தச் சாக்கில் படித்துக்கொள்வார்கள். குன்றக் கூறலுக்கும் மிகைபடக் கூறலுக்கும் உள்ள உறவைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

தோ பாயோ தம்பி:
ஐயா, அதே பட்டியலில் ‘மற்றொன்று விரித்தல்’ என்றும் ஒரு குற்றம் உண்டே.

பீஷான் ஆசிரியை:
மாறுகொளக் கூறல் மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்காது ஐயா. அதோடு அது கூறுவதைப் பற்றியது. கோப்பிப் பை எதையும் கூறவில்லையே.

பிடோக்:
நன்னூலிலேயே இன்னொரு கதவைத் தட்டலாம். வழு (பிழை), வழாநிலை (பிழையின்மை), வழுவமைதி (காரணம் காட்டி ஏற்கும் பிழை).
1966இல் ஸ்டார் டிரெக்கின் ஓர் அத்தியாயத்தில் விண்கலக் கேப்டனின் கல்லறைக் கல்லில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று இருக்கும். பிறகு அவர் ஜேம்ஸ் டி. கிர்க் ஆகிவிட்டார். அது வெறும் வழு. கிளிங்கன் நெற்றிக்கோ 2005இல் ‘எண்டர்பிரைஸ்’ என்ற இன்னொரு கிளைத்தொடரில் காரணம் கற்பித்தார்கள். கிளிங்கன்கள் மனித மரபணுவை வைத்துத் தங்களை வலுவாக்கப் போய் நோய்க்கிருமி பரவி, புடைப்பு கரைந்துவிட்டதாம். பசுவைப் பார்த்து “என் அம்மை வந்தாள்” என்பது திணை வழு. ஆனால் உவப்பினால் சொன்னது என்று காரணம் காட்டி இலக்கணம் அமைதி கொள்கிறது அல்லவா? அப்படித்தான் இதுவும். பிழை பிழையாகவே இருக்கும், காரணம் வந்ததும் ஏற்றுக்கொள்கிறோம். ஆகவே பிழைக்குத் ‘தொடர்ச்சி வழு’, பின்னால் வந்து ஒட்டுப்போடுவதற்கு ‘வழுவமைதி’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. நாம் ஒரே வேரிலிருந்து எடுக்கிறோம்.

செங்காங்:
வழு, வழுவுதல், வழுக்குதல், வழுக்கை, வழுவழுப்பு. எல்லாம் ஒரே வேர்! பழைய கிளிங்கன் நெற்றி வழுவழு என்றிருந்ததே வழு. இது தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை.

பீஷான் ஆசிரியை:
:) எனக்கு வேறொரு காரணத்துக்காகப் பிடித்திருக்கிறது. ‘தொடர்ச்சிப் பிழை’ என்றால் பாதிப் பேர் ‘ப்’ போட மாட்டார்கள், நான் சிவப்பு மையோடு உட்கார வேண்டும். வழு என்றால் ஒற்றே வராது. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வழு புரியுமா?

தோ பாயோ தம்பி:
புரியாது அக்கா. வீட்டில் என் மகளிடம் கேட்டேன், “வழுக்கி விழுறதா?” என்றாள்.

பிடோக்:
அதுவும் சரிதானே. கதை வழுக்கி விழுகிறது.

ஈசூன் ஐயா:
இலக்கணத்தில் வழு ஏழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. எட்டாவதாகத் தொலைக்காட்சியைச் சேர்க்க நமக்கு யார் அதிகாரம் தந்தது?

உட்லண்ட்ஸ்:
மூன்று நாளாக மடல் வந்துகொண்டே இருக்கிறது. கன்டினியூட்டி என்று தமிழ் எழுத்தில் போட்டால் வானம் இடிந்துவிடுமா? பஸ்ஸுக்குப் பஸ் என்றுதானே சொல்கிறோம்?

செங்காங்:
பெருவிரைவு ரயில் என்றும் சொல்கிறோம்.

பீஷான் ஆசிரியை:
தாள் அச்சுக்குப் போய்விட்டது. ‘தொடர்ச்சி வழு’ என்று போட்டு, கீழே சிறிய எழுத்தில் ‘கன்டினியூட்டி பிழை’ என்றும் சேர்த்திருக்கிறேன். வழுவமைதியை வாய்மொழியாகச் சொல்லிக்கொள்கிறேன். அனைவருக்கும் நன்றி.

ஈசூன் ஐயா:
எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மேலும், மேலே வழு, கீழே பிழை. ஒரே கட்டத்துக்குள் இரண்டு சொல். இதற்குப் பெயர் என்ன என்று மாணவர்களைக் கேளுங்கள்.