யார்க்‌ஷயரில் 5 நாள் காரில்: பையப் போக வழி சொல்லுங்கள்

திருநகர்க்காரி

மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். மகன் இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள லீட்ஸில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் நானும் வீட்டுக்காரரும் அவனிடம் போகிறோம். 5 நாள் லீவு போட்டு, தானே காரோட்டிச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். 5 நாளில் 14 இடம்! பார்த்ததுமே எனக்கு மலைப்பாகிவிட்டது.

எங்கள் பழக்கம் வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு கீழக்குயில்குடிக்கோ அரிட்டாபட்டிக்கோ போவோம். ஒரு நாளைக்கு ஒரே இடம்தான். அரிட்டாபட்டியில் பாறையைக் குடைந்த சிவன் கோயில் முன்னால் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருக்க மாட்டோம். அவர் அந்த லகுலீசர் சிற்பத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன்.

அங்கேயும் எனக்கு அப்படித்தான் வேண்டும். பழைய இடிந்த கட்டடம், பக்கத்தில் ஓர் ஆறு, உட்கார இடம். அவருக்கு முழங்கால் வலி, படி அதிகம் ஏற முடியாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லீஸ் நகர் வாத்தியார்

வணக்கம்மா. நானும் என் மனைவியும் போன வருடம் மகள் வீட்டிலிருந்து இதே பக்கம் போய் வந்தோம். தயங்காமல் பட்டியலை வெட்டுங்கள். ஃபவுன்டன்ஸ் அபே என்ற பழைய கிறித்தவ மடத்துக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

ரிப்பன் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஸ்கெல் ஆற்றங்கரையில் இருக்கிறது. யார்க் நகரத்து மடத்தில் ஒழுங்கு தளர்ந்துவிட்டதென்று சண்டை போட்டு வெளியேறிய 13 துறவிகள் 1132இல் தொடங்கிய இடம். பின்னால் ஆட்டு ரோமம் விற்றே பெரும் பணக்கார மடமாகிவிட்டது. 1539இல், இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி காலத்தில், மூடிவிட்டார்கள். கூரையில் போட்டிருந்த ஈயத்தை உரித்து எடுத்துக்கொண்டார்கள். கூரை போனபிறகு மழைக்கு எந்தக் கட்டடம் தாங்கும்? மடத்துக் கல்லைக் கொண்டே பக்கத்தில் ஒரு மாளிகையும் கட்டிக்கொண்டார்கள்.

நம் ஊர்க் கோட்டையை கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்த கதையை முப்பது வருடம் வகுப்பில் சொன்னவன் நான். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி வந்தவைதானே. அந்தப் புல்தரையில் நின்று, மேலே கூரை இல்லாமல் வானம் தெரிவதைப் பார்த்தபோது, அதே வருத்தம் எனக்குத் திரும்ப வந்தது. யார்க்கில் கோட்டைச் சுவர் இன்னும் நிற்கிறது, மேலேயே நடக்கலாம். நமக்கு அது இல்லாமல் போயிற்று.

அபேயின் மேற்குப் பக்கம், 300 அடி நீளத்தில் ஒரு கூடம் கூரையோடு முழுசாக இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். நடுவில் ஒரே வரிசையாகத் தூண்கள்; மேலே போகப் போக ஆலமரம் மாதிரி கிளை பிரிந்து கூரையைத் தாங்குகின்றன. ஒரு தூணில் கையை வைத்தேன். மண்பானை போல ஜில்லென்று இருந்தது. கையை எடுத்தால் உள்ளங்கையில் மணல் துகள். என் மனைவி அங்கே பேச்சை நிறுத்தியவள், வெளியே வந்து ஆற்றைப் பார்த்த பிறகுதான் பேசினாள்.

முழங்காலுக்கு ஒரு யோசனை: பெரிய வாசல் வழியாகப் போனால் இறக்கம் அதிகம், திரும்பும்போது அதுவே ஏற்றம். மேற்கு வாசல் பக்கமும் வண்டி நிறுத்தலாம். அங்கிருந்து நடை குறைவு.

இரண்டாவது, ஹெல்ம்ஸ்லி பக்கத்தில் ரீவோ அபே. அதுவும் 1132தான். பள்ளத்தாக்கு ஒடுக்கம் என்பதால் வழக்கம்போல் கிழக்கு மேற்காகக் கட்ட முடியாமல், கோயிலைக் கிட்டத்தட்ட வடக்கு தெற்காகத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். கூட்டம் குறைவு. நீங்கள் கேட்ட மாதிரி இடம் இதுதான்.

செல்லூர்த் தம்பி, இப்போது பிராட்ஃபோர்டில்

அம்மா, வாத்தியார் சொன்னதோடு ரோட்டைப் பற்றிக் கொஞ்சம். யார்க்‌ஷயர் டேல்ஸ் என்ற பள்ளத்தாக்குப் பக்கம் ரோட்டின் இரண்டு புறமும் கற்சுவர்தான், சாந்து இல்லாமல் அடுக்கியது. நான் முதல் வருடம் வாடகைக் கார் எடுத்துப்போய், எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கியதில் இடப்பக்கக் கண்ணாடி சுவரில் உரசிப் போயிற்று. கம்பெனிக்காரர்கள் பிடித்த காசு இன்னும் வலிக்கிறது. சிறுமலைக் கொண்டை ஊசி வளைவில் எப்படிப் போவோமோ அப்படிப் பொறுமையாகப் போகச் சொல்லுங்கள். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை இருந்தால் அந்த மாதிரி ரோட்டில் மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்று அர்த்தம். போயே ஆக வேண்டும் என்று இல்லை. பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஹாஸ் ஊரிலிருந்து ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பட்டர்டப்ஸ் கணவாயை மட்டும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோட்டோரத்திலேயே சுண்ணாம்புப் பாறையில் ஆழக் குழிகள். சந்தைக்குப் போன விவசாயிகள் களைப்பாறும்போது வெண்ணெய் உருகாமலிருக்க அதற்குள் இறக்கி வைத்தார்கள் என்று சொல்வார்கள். காரை விட்டு இறங்கினால் நாலு எட்டு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஜூனில் ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் அவசரமே வேண்டாம்.

அப்புறம், உங்கள் மகன் இங்கே வந்து குடியேறி ஒரு வருடம் தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் இந்திய லைசன்ஸ் செல்லாது, பிரிட்டிஷ் லைசன்ஸ் வேண்டும்.

திருநகர்க்காரி

ரொம்ப நன்றி சார், நன்றி தம்பி. லைசன்ஸ் போன வருடமே வாங்கிவிட்டானாம், கேட்டுவிட்டேன். விட்பி என்ற கடற்கரை ஊரும் பட்டியலில் இருக்கிறது. அங்கே மேலே இருக்கும் அபேக்கு 199 படி என்று படித்ததும் அவர் முகம் வாடிவிட்டது. அதை எடுத்துவிடவா?

செல்லூர்த் தம்பி, இப்போது பிராட்ஃபோர்டில்

எடுக்காதீர்கள் அம்மா. படி ஊருக்குள்ளிருந்து ஏறுகிறவர்களுக்கு. கார் மேலேயே, அபே பக்கம் வரை போகும். கடல் காற்று பலமாக அடிக்கும், அப்பாவுக்கு ஒரு குல்லாய் எடுத்து வையுங்கள்.

திருநகர்க்காரி

அப்படியானால் சரி. ஃபவுன்டன்ஸ், ரீவோ, பட்டர்டப்ஸ், விட்பி, நாளுக்கு ஒன்று. ஐந்தாம் நாள் ரீவோவுக்கே திரும்பப் போகலாம் என்கிறார். மகனிடம் இன்றிரவு பேசுகிறேன். புளிக்காய்ச்சலுக்குப் புளி ஊறப் போட்டாயிற்று.