தால் கொடுத்த குதிரையும் எஞ்சின் காட்டும் எண்ணும்: மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி
எழுதியவர்: வாரஇறுதிப் பயிற்சியாளர்

அனைவருக்கும் வணக்கம். சனி, ஞாயிறுகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். 1960-இல் மாஸ்கோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தை, அதாவது கறுப்புக் காய்களுடன் ஆடிய மிகைல் தால் போட்வின்னிக்கை வென்ற ஆட்டத்தை, சென்ற வாரம் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். 21-ஆவது நகர்த்தலில் தால் எச்5-இல் நின்ற குதிரையை எஃப்4-க்குக் கொண்டுவந்து, ஜி3 சிப்பாய் வெட்டிக்கொள்ளும்படி வைத்துவிடுகிறார். பதிலுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சிப்பாய். ஆனால் இ5 சிப்பாய் விலகுவதால் ஜி7 பிஷப்புக்கு நீண்ட மூலைவிட்டம் திறந்துவிடுகிறது. பார்வையாளர்கள் எழுப்பிய சத்தம் தாங்காமல் ஆட்டத்தைப் பின்னறைக்கு மாற்ற வேண்டியிருந்தது என்பதை நான் சொல்லி முடிப்பதற்குள், ஒரு மாணவி கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின், அதாவது சதுரங்கம் ஆடும் கணினி நிரல், அந்த நகர்த்தலைப் பிழை என்று குறித்திருந்தது. “அப்படியானால் இதை நாங்கள் ஏன் படிக்க வேண்டும், ஐயா?” என்று கேட்டாள். குறும்பாகக் கேட்டதாகத் தெரியவில்லை. உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்.

அந்த நேரத்தில் என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. மனித ஆட்டம் வேறு, இயந்திரத்தின் ஆட்டம் வேறு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். காயை வேண்டுமென்றே வெட்டக் கொடுக்கும் புகழ்பெற்ற தியாகங்களை எஞ்சின் கொண்டு மறுபடி ஆராயும்போது கிடைக்கும் முடிவை எப்படி வாசிக்க வேண்டும், அதைப் பிள்ளைகளுக்கு எந்த வடிவில் கொடுக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: பழைய குறிப்பேடு

உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. அவள் பார்த்தது அந்த ஆட்டத்தின் ஒரே ஒரு எண் என்பதுதான் குறை. 21-ஆவது நகர்த்தலோடு நிறுத்தாமல் அடுத்த ஆறு நகர்த்தல்களையும் அதே எஞ்சினிடம் கொடுங்கள். அப்போது வேறொரு சித்திரம் கிடைக்கும்.

குதிரையை வெட்டிய பிறகு, 23-ஆவது நகர்த்தலில் போட்வின்னிக் பிஷப்பை டி2-க்கு இழுத்துக்கொள்கிறார். அந்த இடத்தில் ஏ3 என்று சிப்பாயைத் தள்ளி ராணியைச் சீண்டுவதுதான் வலுவான மறுப்பு என்று பின்னாளைய ஆய்வுகள் கூறின. தாலும் உடனே தவறுகிறார்: பிஷப்பை இ5-இல் நிறுத்தியிருக்க வேண்டியவர், ராணியால் பி2 சிப்பாயை வெட்டுகிறார். வெள்ளை யானை பி1-க்கு வந்து ராணியைத் தாக்க, தால் எஃப்3 என்று சிப்பாயைத் தள்ளி வெள்ளை ராணியைத் தாக்குகிறார். இங்கேதான் முடிச்சு இருக்கிறது. போட்வின்னிக் கறுப்பு ராணியை வெட்டினார், தாலின் சிப்பாய் வெள்ளை ராணியை வெட்டியது, அதற்குப் பிறகு ஆட்டம் கறுப்பின் கைக்குப் போய்விட்டது. ராணியை விட்டுவிட்டு எஃப்3 சிப்பாயைப் பிஷப்பால் வெட்டியிருந்தால் நிலைமை தலைகீழாகியிருக்கும்.

அதுவும் எளிதான வழி அல்ல என்பதைக் கவனியுங்கள். கறுப்பு பிஷப் பி1 யானையை வெட்டுகிறது, மற்றொரு யானை அதை வெட்டுகிறது, கறுப்பு ராணி சி2-க்கு வந்து நிற்கிறது. யானையை சி1-க்கு நகர்த்தினால் ராணி பி2-க்குப் போகும். யானை பி1-க்குத் திரும்பினால் ராணியும் சி2-க்குத் திரும்பும். நிலை மீண்டும் மீண்டும் வந்து ஆட்டம் சமனில் முடியும். வெள்ளைக்கு மேலாதிக்கம் தருவது 27-ஆவது நகர்த்தலில் பிஷப்பை இ4-இல் வைப்பது ஒன்றுதான். அந்தக் கட்டத்தைத் தாக்கும் கறுப்பு யானையின் வாயிலேயே கொண்டுபோய் வைக்கும் நகர்த்தல் அது. ஆக, தாலின் தியாகத்தை உடைக்க வெள்ளையும் ஒரு காயை வெட்டக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை வீட்டில் நாற்காலியில் அமர்ந்து காண்பது ஒன்று. ஐந்து ஆட்டங்களுக்குப் பிறகு ஒரு புள்ளி பின்தங்கி, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, இரைச்சல் மிகுந்த அரங்கில் காண்பது இன்னொன்று. போட்வின்னிக்கால் முடியவில்லை, அடுத்த ஆட்டத்தையும் தாலே வென்றார், இறுதியில் 12½–8½ என்ற கணக்கில் 23 வயதில் உலகப் பட்டம் பெற்றார்.

எனவே நான் செய்யும் முறை இது. முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, தியாகத்தை எதிர்கொள்ளும் பக்கத்தில் நானே அமர்ந்து இருபது நிமிடம் யோசித்து, என் விடைகளைக் காகிதத்தில் எழுதுவேன். அதன் பிறகுதான் எஞ்சினைத் திறப்பேன்; அதிலும் ஒரே வரிசையைக் காட்டச் சொல்லாமல், முதல் நான்கைந்து நகர்த்தல்களையும் அவற்றின் மதிப்புகளையும் (யார் எவ்வளவு முன்னிலை என்று காட்டும் எண்களையும்) பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்வேன். முதல் நகர்த்தலுக்கும் இரண்டாவது நகர்த்தலுக்கும் இடையிலான பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதே, எதிராளி எவ்வளவு மெல்லிய கயிற்றின்மேல் நடக்க வேண்டியிருந்தது என்பதைச் சொல்லும். 0.00 என்று எஞ்சின் காட்டினால் அது அமைதியான சமநிலை என்றும் பொருள்படலாம், ஒரே ஒரு நகர்த்தலைத் தவறவிட்டால் ராஜா விழும் என்றும் பொருள்படலாம். அந்த எண் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது.

இன்னொன்று: 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், +1.00 என்பது சம வலிமையுள்ள எதிராளியிடம் வெல்ல ஐம்பது விழுக்காடு வாய்ப்பு என்று பொருள்படுமாறு அளவுகோலையே மாற்றியமைத்துவிட்டார்கள். ஆகவே பழைய கட்டுரைகளில் அச்சிட்ட எண்களையும் இன்று கைப்பேசி காட்டும் எண்களையும் ஒன்றுக்கொன்று நேராக ஒப்பிடக் கூடாது.

பதில் 2
எழுதியவர்: மூன்றாம் பலகை

மேலே உள்ள பதிலின் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஆனாலும் ஒரு மறுப்பு உண்டு. தால் ஆடியது பிழை என்றால் பிழை என்றே சொல்லுங்கள். எதிராளிக்குக் கடினமாக இருந்தது என்ற வாதத்தை எல்லா ஆட்டத்துக்கும் நீட்டினால், தோல்வியடையாத எந்தக் கெட்ட நகர்த்தலும் நல்ல நகர்த்தலாகிவிடும். 1965-இல் பிளெட் நகரில் லார்சனுக்கு எதிரான பத்தாவது ஆட்டத்தில் தால் டி5-இல் குதிரையைக் கொடுத்தார். அது சரியா தவறா என்று பல்லாண்டுகள் எழுதிக் குவித்தார்கள். 17-ஆவது நகர்த்தலில் லார்சன் எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளாமல் ஜி சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தியிருந்தால் தாக்குப்பிடித்திருக்கலாம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ரசிகர்கள் மனம் நோகும் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள். தாலும் தம் தியாகங்கள் அனைத்தும் பிழையற்றவை என்று ஒருபோதும் கோரியவர் அல்லர்.

பதில் 3
எழுதியவர்: எதிர்நிற பிஷப்

இருவருமே எஞ்சினை நீதிபதியாகவும் தாலைக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவராகவும் வைத்துப் பேசுகிறீர்கள். எஞ்சினே கூண்டில் நின்ற வழக்குகளும் உண்டு. என்னைப் பொறுத்தவரை அவற்றையே முதலில் காட்ட வேண்டும்.

1998-இல் லினாரெஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் ஆடிய 47-ஆவது நகர்த்தலைப் பாருங்கள். (ஷிரோவும் தாலைப் போலவே ரீகாவில் பிறந்தவர்; அந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.) பலகையில் இரு பக்கமும் ராஜாவும் எதிரெதிர் நிறக் கட்டங்களில் ஓடும் பிஷப்பும், வெள்ளைக்கு இரண்டு சிப்பாய்களும், கறுப்புக்கு நான்கு சிப்பாய்களும் மட்டுமே இருந்தன. இத்தகைய முடிவாட்டங்கள், இரண்டு சிப்பாய்கள் கூடுதலாக இருந்தாலும், பெரும்பாலும் சமனில் முடிபவை. ஷிரோவ் பிஷப்பை எச்3-இல் கொண்டுபோய் ஜி2 சிப்பாய்க்குத் தின்னக் கொடுத்தார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நகர்த்தலுக்கான நேரம்தான்: பிஷப் நின்ற எஃப்5 கட்டம் காலியானதும் கறுப்பு ராஜா அதன் வழியே இ4-க்கு ஓடுகிறது, வெள்ளை ராஜா ஒரு அடி பிந்திவிடுகிறது, ஏ, டி சிப்பாய்களை வெள்ளை பிஷப் ஒன்றால் தடுக்க முடியவில்லை. 53-ஆவது நகர்த்தலில் டோபலோவ் ஆட்டத்தைக் கைவிட்டார். அன்றைய எஞ்சின்கள் இந்த நகர்த்தலைத் தம் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. பின்னாலும் நெடுங்காலம் எஞ்சின்களைச் சோதிக்கும் தேர்வுத்தாளாக இந்நிலை பயன்பட்டது.

இதற்குக் காரணம் எஞ்சின் தேடும் முறையிலேயே இருக்கிறது. ஒரு நிலையில் முப்பது நாற்பது நகர்த்தல்கள் இருந்தால் அவை அனைத்தையும் ஒரே ஆழத்துக்கு அது பார்ப்பதில்லை. நல்லது என்று தோன்றுபவற்றை முன்வரிசையில் வைத்து ஆழமாகவும், ஒன்றுக்கும் உதவாதவை என்று தோன்றுபவற்றைப் பின்வரிசையில் தள்ளி மேலோட்டமாகவும் பார்க்கிறது, சில கிளைகளை அடியோடு வெட்டியும் விடுகிறது. ஒரு சிப்பாய்க்குக்கூட அல்லாமல் சும்மா பிஷப்பைக் கொடுக்கும் நகர்த்தல் எந்த வரிசைக்குப் போகும் என்று நீங்களே ஊகிக்கலாம். அதனால் தியாகங்களை ஆராயும்போது நான் கடைப்பிடிக்கும் வழக்கம், எஞ்சின் விரும்பாத அந்த நகர்த்தலை நானே பலகையில் ஆடிவிட்டு, அடுத்தடுத்து நாலைந்து நகர்த்தல்கள் முன்னே சென்று அங்கே அதை யோசிக்கவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பின்னால் வருவது. முன்னே கண்டதை எஞ்சின் நினைவில் வைத்திருக்கும்; பழைய நிலைக்குத் திரும்பும்போது மதிப்பீடு மாறியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கைப்பேசியில் மூன்று வினாடி பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கற்றுக்கொண்டு நிலையை மதிப்பிடும் நியூரல் வலையமைப்பு எஞ்சின்களில் வந்த பிறகு, அதாவது 2018-இல் லீலா என்ற எஞ்சினும், 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் 12-உம் வந்த பிறகு, இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. 1953-இல் ஜூரிச்சில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகப் பெட்ரோசியான் யானையை இ6-இல் வைத்து, பிஷப்புக்கு அதை விட்டுக்கொடுத்து, தம் குதிரை டி5-இல் வந்து அசையாமல் அமர வழிசெய்தார். ராஜாவைத் தாக்கும் தியாகம் அல்ல அது. கணக்கிட்டு முடிக்கக்கூடியதும் அல்ல. ஆட்டம் சமனில் முடிந்தது. காய்களின் விலையைக் கூட்டிக் கழித்த பழைய நிரல்களுக்கு இவ்வகைத் தியாகம் புரிவதே கடினம். புதியவை இதைப் பொருட்படுத்தத் தக்கதாகவே எடுத்துக்கொள்கின்றன.

தியாகங்களைப் போலித் தியாகம், உண்மைத் தியாகம் என்று சதுரங்க வீரர் ஷ்பீல்மன் இரண்டாகப் பிரித்தார்: கொடுத்ததைச் சில நகர்த்தல்களில் வட்டியோடு வாங்கிவிடலாம் என்று கணக்கிட்டுக் கொடுப்பது முதல் வகை; கணக்கு முடியாத இடத்தில் நம்பிக் கொடுப்பது இரண்டாம் வகை. 1956-இல் நியூயார்க்கில் 13 வயது ஃபிஷர், டொனால்டு பைர்னுக்கு எதிராகப் பிஷப்பை இ6-இல் வைத்து ராணியைக் கொடுத்தது முதல் வகை. எஞ்சின் அதை நொடியில் காண்கிறது, ஒரு குறையும் சொல்வதில்லை. தாலின் எஃப்4 குதிரை இரண்டாம் வகை. உங்கள் மாணவியிடம் இந்தப் பிரிவைச் சொல்லிக்கொடுத்து, எது எந்த வகை என்று அவளையே எஞ்சினை வைத்துப் பிரிக்கச் சொல்லலாமே.

பதில் 4
எழுதியவர்: பழைய குறிப்பேடு

மூன்றாம் பலகை அவர்களுக்கு: ஏற்கிறேன், பிழையைப் பிழை என்றே சொல்ல வேண்டும். ஆனால் எந்தப் பிழை பெரியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1999 ஜனவரியில் நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஜீயில் டோபலோவுக்கு எதிராகக் காஸ்பரோவ் 24-ஆவது நகர்த்தலில் யானையால் டி4-இல் வெட்டினார். டோபலோவ் ராஜாவை பி6-க்கு நகர்த்தியிருந்தால் ஆட்டம் ஏறத்தாழச் சமநிலையில் நின்றிருக்கும். அவர் யானையை வெட்டியதால்தான் இ7-இல் இரண்டாவது யானையும் வந்து, கறுப்பு ராஜா பலகையைக் குறுக்கே கடந்து வெள்ளையின் முதல் வரிசை வரைக்கும் துரத்தப்பட்டது. அந்தத் துரத்தலிலும் 28-ஆவது நகர்த்தலில் ராணியை சி3-க்கு நகர்த்தியதைவிட யானையை ஏ7-க்கு உடனே கொண்டுபோவது துல்லியமானது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இவ்வளவு ஓட்டைகள் தெரிந்த பிறகும் அந்த ஆட்டத்தை நான் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆடிப் பார்க்கிறேன்.

நம் ஆனந்த் 2013-இல் அதே ஊரில் அரோனியனை 23 நகர்த்தல்களில் வென்ற ஆட்டம் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. 15-ஆவது நகர்த்தலில் பிஷப்பை சி5-இல் கொடுத்ததும், அடுத்து குதிரையை இ5-இல் வைத்ததும் எஞ்சினுக்கு முன் தலைநிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் அந்தத் திறப்பின் (தொடக்க நகர்த்தல்களின்) பெரும்பகுதி முன்னாண்டு உலகப் பட்டப் போட்டிக்காக வீட்டில் தயாரித்தது. எஞ்சினின் துணையோடு ஆயத்தம் நடக்கும் காலத்துத் தியாகத்தை, எஞ்சினைக் கொண்டே சரிபார்ப்பதில் ஒரு வட்டம் இருக்கிறது.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: வாரஇறுதிப் பயிற்சியாளர்

அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் முயன்று பார்த்தேன். தால் எஃப்3 சிப்பாயைத் தள்ளிய நிலையை ஐந்து பலகைகளில் வைத்து, பிள்ளைகளை வெள்ளையின் பக்கம் அமர்த்தி, கைப்பேசிகளை என் மேசையில் வாங்கி வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் கொடுத்தேன். நான்கு பலகைகளில் ராணியை வெட்டினார்கள். கேள்வி கேட்ட அந்த மாணவி மட்டும் பிஷப்பால் எஃப்3-ஐ வெட்டினாள். எனக்கே வியப்பாக இருந்தது. இரண்டு நகர்த்தல் கழித்து அவள் யானையை சி1-க்கு நகர்த்தினாள். நான் ராணியை பி2-க்கு எடுத்தேன், அவள் யானையைத் திருப்பினாள், நான் ராணியைத் திருப்பினேன். மூன்றாவது முறை அதே நிலை வந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டு, வேறு எங்காவது போக முடியுமா என்று பலகையை நெடுநேரம் பார்த்தாள். இ4-ஐ நான் சொல்லவில்லை, கைப்பேசியையும் அன்று மாலை வீட்டுக்குப் போகும்போதுதான் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஷிரோவின் நிலையை வைக்கப் போகிறேன். அன்று கைப்பேசியைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வினாடிக்கு வினாடி பட்டியல் எப்படி மாறுகிறது என்பதை அவர்களே குறித்துக்கொள்ளட்டும்.