கன்சோல் எனும் கேம் பெட்டியின் புது மாடலா, சுடும் ஆட்டமா? கடையில் சரக்கை நகர்த்துவது எது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

தேம்ஸ்கரை:
புது மாடல் வந்தால் விற்பனை எகிறும் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். என் காதில் ஒரு மனிதரின் கேள்வி இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

2017 நவம்பர் 7. மைக்ரோசாஃப்டின் உயர் மாடல் கன்சோல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் வெளியான நாள். லண்டன் ஹாரோவில் ஒரு கேம் கடையில் மாலை நேர வேலை எனக்கு. கால் ஆஃப் டூட்டி என்ற சுடும் ஆட்டத்தின் புதிய பாகம் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கட்டட வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஒருவர் வந்து, பையிலிருந்து பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்னை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். காற்றுத் துளைகளில் சிமெண்டுத் தூசி அடைந்திருந்தது. எக்ஸ்சேஞ்ச் போக மீதிப் பணத்தை எண்ணி வைத்தவர், "இதில் ஆடினால் கொஞ்சம் குறைவாகச் சாவேனா?" என்று கேட்டார். வேடிக்கைக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆன்லைனில் பலர் மோதும் பகுதி பழைய பெட்டியிலும் புதியதிலும் நொடிக்கு 60 படம்தான். கூடுவது படத்தின் துல்லியம். நான் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் முந்திக்கொண்டு, "தூரத்து எதிரி பளிச்சென்று தெரிவான்" என்றார். முடிந்தது. ஏறத்தாழ 450 பவுண்டு விலையுள்ள பெட்டி கைமாறியது. ஆனால் அந்த வீட்டில் முன்பும் ஒரு கன்சோல், இப்போதும் ஒரு கன்சோல். ஆடுகிறவர் ஒருவர்கூடக் கூடவில்லையே, இது எந்த விதத்தில் வளர்ச்சி?

பனிக்காலன்:
அண்ணா, நீங்கள் சொன்னது மாடல் கதை. ஆட்டத்தின் கதை வேறு. எக்ஸ்பாக்ஸில் மட்டுமே ஓடிய சுடும் ஆட்டம் ஹேலோ 3 வந்த இரவு, 2007 செப்டம்பர். கனடாவின் ஸ்கார்பரோவில் நள்ளிரவு வரிசை. எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையனிடம் எக்ஸ்பாக்ஸே கிடையாது. வீட்டிலிருந்த நின்டெண்டோவின் வீ கன்சோலை அன்று காலையில்தான் விற்றிருந்தான். வீ எங்கும் கிடைக்காமல் மக்கள் அலைந்துகொண்டிருந்த காலம் அது. "உனக்குப் பைத்தியமா?" என்றேன். "இன்றிரவு எல்லாரும் உள்ளே இருப்பார்கள். நாளை காலை வகுப்பில் நான் என்ன பேசுவது?" என்றான். பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிய அந்த ஓட்டம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த மாதம் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் 360 ஏறத்தாழ 5.28 லட்சம் விற்று, வீயையே முந்தியது. புது மாடல் ஒன்றும் தேவைப்படவில்லை.

கணக்குப்பிள்ளை:
பனிக்காலன், பாதிக் கணக்கைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டீர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸ் 360 விலையை 399 டாலரிலிருந்து 349 ஆகக் குறைத்திருந்தார்கள். செப்டம்பர் கூட்டத்தில் எத்தனை பேர் ஹேலோவுக்காக வந்தார்கள், எத்தனை பேர் 50 டாலருக்காக வந்தார்கள் என்று யார் பிரித்தார்கள்?

தேம்ஸ்கரைக்கும் ஒன்று. அந்த மேலங்கிக்காரர் விட்டுப்போன பழைய பெட்டியை உங்கள் கடை என்ன செய்தது? துடைத்து அலமாரியில் வைத்து வேறொருவருக்கு விற்றிருக்கும். புதியது வாங்கக் காசில்லாத ஒருவர் அதன் வழியாக உள்ளே வந்திருப்பார். அவரை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. என் மைத்துனர் சோனியின் உயர் மாடலான பிளேஸ்டேஷன் 4 ப்ரோ வாங்கிய அன்றே விருந்துக்கு அழைத்து, மிகத் துல்லியமான 4கே படத்தைப் பாருங்கள் என்றார். பார்த்தோம். அது 4கே டிவியே இல்லை. சொல்லவில்லை, பிரியாணி நன்றாக இருந்தது. இவரைப் போன்றவர்கள் நிறையப் பேர். ப்ரோ வந்த பிறகு விற்ற பிளேஸ்டேஷன் 4களில் ஐந்தில் ஒன்று ப்ரோ என்று 2017இல் சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவுத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஹவுஸே சொன்னார். அப்படியானால் மற்ற நான்கு பேர் 100 டாலர் குறைவான சாதாரணப் பெட்டியோடு போனவர்கள். உயர்ந்த மாடல் கடையின் முகப்பில் நிற்கிறது, கல்லாவை நிரப்புவது மலிவு மாடல்.

ஒசாகா அம்மா:
அமெரிக்கா, பிரிட்டன் என்றே பேசுகிறீர்கள். இங்கே சுடுவதற்குத் துப்பாக்கிக் குண்டுகூட வேண்டாம், மை போதும். மையைப் பீய்ச்சி ஆடும் ஸ்ப்ளட்டூன் 2 வந்த 2017 ஜூலையில், அது ஓடும் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் வாங்குவதற்குக் கடைகளில் குலுக்கல். சீட்டோடு நின்றிருந்தோம். பக்கத்தில் பத்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை. ஆட்டத்தை முன்பே வாங்கிவிட்டாள், ஆடுவதற்குப் பெட்டி இல்லை. அழைத்த எண்களில் அவள் எண் வரவில்லை. உறையைத் திறந்து, உள்ளேயிருந்த நகமளவு கார்ட்டைப் பார்த்துவிட்டு 'டக்'கென்று மூடினாள். மறுபடி திறந்தாள். எங்களுக்குச் சீட்டு விழுந்தும் அன்று எனக்குச் சந்தோஷமாகவே இல்லை.

தேம்ஸ்கரைத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் ஓஎல்இடி ஸ்விட்ச் வந்தது. உள்ளே இருப்பது அதே சிப், திரைதான் புதிது, விலை 37,980 யென். வேண்டவே வேண்டாம் என்றிருந்தேன். மறு ஆண்டு ஸ்ப்ளட்டூன் 3 வருவதற்கு முன்பு அதன் படம் போட்ட ஓஎல்இடி பெட்டியை இறக்கினார்கள். பெரியவன் அதை வாங்கிக்கொண்டான், பழையது தங்கைக்குப் போனது. இப்போது இருவரும் ஒரே அணி. எங்கள் வீட்டில் ஆள் கூடினாளா இல்லையா? ஸ்ப்ளட்டூன் 3 ஜப்பானில் மட்டும் மூன்றே நாளில் 34.5 லட்சம் விற்றது. அதில் இரண்டு எங்கள் வீட்டினுடையவை.

வயர்மேன்:
வேளச்சேரியில் ஒருவர் வீட்டுக்கு டிவி மாட்டப் போயிருந்தேன். பிளேஸ்டேஷன் 5 ப்ரோ வைத்திருந்தார், சிங்கப்பூரிலிருந்து வந்தது. அது பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லாததால் 2024 நவம்பரில் அது வெளியானபோது இந்தியக் கடைகளுக்கு வரவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாம் மாட்டிப் படம் வந்தது. கால் ஆஃப் டூட்டி இறங்கத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் மனிதர் சோபாவில் சாய்ந்து போனில் சுட்டுக்கொண்டிருந்தார். "ஆட்கள் எல்லாம் இங்கேதானே சார் இருக்கிறார்கள்" என்றார்.

ப்ரோ வாங்க நினைப்பவர்கள் இவற்றைக் கவனியுங்கள். முதலில் டிவி. எச்டிஎம்ஐ 2.1 துளை இருக்கிறதா, திரை 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 படம், தாங்குமா என்று பாருங்கள். சில டிவிகளில் எல்லாத் துளையும் 2.1 கிடையாது, எந்தத் துளை என்று பின்பக்கம் அச்சிட்டிருப்பார்கள். பெட்டியோடு வரும் கேபிளையே பயன்படுத்துங்கள். டிவியில் கேம் மோடைப் போடாமல் சுடும் ஆட்டம் ஆடினால் பொத்தானை அழுத்திய பிறகு யோசித்துத்தான் குண்டு புறப்படும். வைஃபையை நம்பாமல் லேன் வயர் இழுத்துவிடுங்கள், மாடி வீடென்றால் சன்னல் ஓரமாகக் கொண்டுவரலாம். ப்ரோவில் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். பழைய டிஸ்க் வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். நிமிர்த்தி வைக்கும் ஸ்டாண்டும் தனி. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி என்றால் பிளக் பொருந்தாமல் போகலாம். அடாப்டரைத் தொங்கவிடாமல் நம்மூர் பவர் கார்டு மாற்றிக்கொள்ளுங்கள். மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். சாமி படத்துக்குக் கீழே வைத்து ஊதுபத்திச் சாம்பல் விழுந்த பெட்டியையும் பார்த்திருக்கிறேன்.

தேம்ஸ்கரை:
கணக்குப்பிள்ளை ஐயா, பழைய பெட்டி பற்றிச் சொன்னது சரிதான். எங்கள் கடையில் எக்ஸ்பாக்ஸ் ஒன் வார இறுதிக்கு மேல் தங்காது. ஆனால் அதை வாங்க வந்தவர்கள் கேட்டது மாடலை இல்லை, "கால் ஆஃப் டூட்டி ஓடுமா" என்பதைத்தான். 2014 மார்ச்சில் டைட்டன்ஃபால் என்ற சுடும் ஆட்டம் வந்த வாரம் பிரிட்டனில் எக்ஸ்பாக்ஸ் ஒன் விற்பனை 96 சதவீதம் கூடியது. பிளேஸ்டேஷனில் அந்த ஆட்டம் கிடையாது. வேறு வழியில்லாதபோதுதான் ஆட்டம் பெட்டியை விற்கிறது.

கணக்குப்பிள்ளை:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். 2018 செப்டம்பரில் ஃபோர்ட்நைட் என்ற சுடும் ஆட்டத்துக்காக சோனி கதவைத் திறந்துவிட்டது. எந்தக் கன்சோலில் இருந்தாலும் நண்பனோடு ஆடலாம் என்றானது. பிறகு கால் ஆஃப் டூட்டியும் அப்படியே. ஸ்கார்பரோப் பையன் இன்று இருந்தால் வீட்டில் இருப்பதை விற்கவே தேவையில்லை.

இன்னும் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலர் என்று விலை பேசி, கால் ஆஃப் டூட்டியை வெளியிடும் ஆக்டிவிஷனை வாங்கியது. 2024 அக்டோபரில் கால் ஆஃப் டூட்டியின் பிளாக் ஆப்ஸ் 6 வெளியான அன்றே, மைக்ரோசாஃப்டின் சந்தாத் திட்டமான கேம் பாஸில் கிடைத்தது. அந்த அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் வருவாய் 29 சதவீதம் விழுந்தது. உலகத்திலேயே அதிகம் பேர் ஆடும் சுடும் ஆட்டங்களில் ஒன்று கையில் இருந்தும் பெட்டி நகரவில்லை.

பனிக்காலன்:
வயர்மேன் பார்த்த மனிதர் போனை எடுத்ததும் அதே காரணத்தால்தான். என் வரிசைப் பையன் ஆள் இருக்கும் இடத்துக்குப் போனான், இவரும் ஆள் இருக்கும் இடத்தில் இருக்கிறார். ஆகஸ்ட் விலைக்குறைப்பை நான் மறுக்கவில்லை, ஐயா. ஆனால் நள்ளிரவில் 50 டாலருக்காக யாரும் நடுங்கிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

ஒசாகா அம்மா:
வயர்மேன், அவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. எங்கள் வீட்டு டிவியில் மாலை முழுவதும் மாமனாருக்காகச் சுமோ ஓடும். பிள்ளைகள் ஸ்விட்ச்சைக் கையிலேயே வைத்துத்தான் ஆடுகிறார்கள். எச்டிஎம்ஐ எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

வயர்மேன்:
கையில் வைத்து ஆடுவதென்றால் திரைக்குக் கண்ணாடிக் காப்பு ஒன்று ஒட்டிவிடுங்கள் அம்மா. ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தூசி உட்கார்ந்தால் குமிழ் போகாது. ஓஎல்இடி திரையில் ஏற்கெனவே ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதைப் பழைய ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்துவிடாதீர்கள், பலர் உரித்துவிடுகிறார்கள்.