ஆட்டிசம் பற்றி வகுப்பில் குழந்தையே பேசிய அனுபவம் யாருக்காவது உண்டா?

மகள் நான்காம் வகுப்பு. தனக்கு ஆட்டிசம் என்பது அவளுக்குத் தெரியும். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள், சந்தோஷம் வந்தால் கையை உதறுவாள். பிள்ளைகள் அதைச் செய்து காட்டிச் சிரிக்க ஆரம்பித்ததும், "நான் ஏன் இப்படிச் செய்றேன்னு நானே சொல்றேம்மா" என்றாள்.

எங்கள் ஸ்பெஷல் எஜுகேட்டர் (சிறப்புக் கல்வி ஆசிரியர்) முதலில் சொன்னது, எதைச் சொல்வது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதுதான். ஒரு தாளை இரண்டாக மடித்தோம். மணிச் சத்தம், கை உதறுவது, கண்ணைப் பார்க்காமல் பேசுவது எல்லாம் சொல்லும் பக்கம். தெரபிக்குப் போவது சொல்லாத பக்கம். அதையும் சொன்னால் என்ன என்று எனக்கு இருந்தது. ஆனால் அது அவளுடைய விஷயம், விட்டுவிட்டேன்.

மற்ற பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று டீச்சருக்குத் தயக்கம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, குழந்தைக்குத் தேவையான வசதியைப் பள்ளி செய்துதர வேண்டும் என்று பொறுமையாகப் பேசினேன். அப்புறம் அவரே ஆர்வமாகிவிட்டார்.

மகள் என்னை வகுப்புக்கு வர வேண்டாம் என்றாள். டீச்சர் சொல்லித்தான் எல்லாம் தெரியும். எழுந்து நிற்காமல் தன் இடத்தில் உட்கார்ந்தே படித்தாளாம். "மணி அடிச்சா உங்களுக்குக் கேக்கும், எனக்கு வலிக்கும். உங்க கண்ணைப் பார்த்தா நீங்க பேசறது மனசுல ஏறாது. வேற எங்கயாவது பார்த்தாதான் நல்லா கேக்கும்." தான் போட்ட சிக்குக் கோலங்களையும் காட்டியிருக்கிறாள். அது தாளில் எழுதாதது!

ஒரு பையன் "இது ஒட்டிக்குமா?" என்றான். "ஒட்டாது, பிறந்ததுலேர்ந்தே இருக்கு." மாத்திரை போட்டால் சரியாகுமா என்ற கேள்விக்கு, இது நோய் இல்லை, மூளை வேலை செய்யும் விதம் வேறு என்று டீச்சர் விளக்கினார். கடைசியாக, "அப்போ உன்கூட எப்படி விளையாடறது?"

அதற்குப் பதிலை முன்பே எழுதி வைத்திருந்தாள். "ஆட்டத்தோட ரூல்ஸை முதல்லயே சொல்லுங்க. நடுவுல மாத்தாதீங்க. காதைப் பொத்தினா தொடாதீங்க, கொஞ்ச நேரத்துல நானே வருவேன்."

என்னைக் கேட்டால் இந்தப் பகுதிதான் உயிர். இது இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பரிதாபம் மட்டுமே மிஞ்சும். கேலி முழுதாக நிற்கவில்லை. ஆனால் பக்கத்து சீட் பெண் இப்போது, "மணி அடிக்கப் போகுது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள்.

*

நான் ஆசிரியை. என் எட்டாம் வகுப்பு மாணவன் பேச விரும்பவில்லை, தன் பெயரும் வரக்கூடாது என்றான். அதனால் யாருக்கு எந்தச் சத்தம், எந்த வாசனை பிடிக்காது என்று வகுப்பு முழுவதையும் பேச வைத்தேன். ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் என்று சொல்லி, குழந்தையைக் கேட்காமலே மேடையேற்றி மைக் கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ஸ்பீக்கர் சத்தமே அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம்!

*

என் மகன் வாயால் பேச மாட்டான். சென்னையில் உருவான ஆவாஸ் ஆப்பில் படங்களைத் தொட்டுத்தான் பேசுவான். வகுப்பில் தன் அறிமுகத்தையும் அதிலேயே செய்தான். அந்த டேப்லெட் அவனுக்குக் குரல் மாதிரி, கேட்காமல் எடுக்கக்கூடாது என்று மட்டும் நான் சேர்த்துச் சொன்னேன். உடனே எல்லோரும் "நான் ஒரு தடவை தொடட்டுமா?" என்று வரிசை கட்டிவிட்டார்கள். ஒருத்தனுக்கு மட்டும் கொடுத்தான். மற்றவர்களுக்கு, "வேண்டாம்" படத்தைத் தொட்டான்.