கேபிளை வெட்டினால் நேரலை தாமதமாகாதா?

வேலன்_மு: "ஸ்ட்ரீமிங்கில் நேரலை தாமதமெல்லாம் பழைய கதை, கேபிள் டிவி இணைப்பை வெட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்" என்று குறளி அடித்துவிட்டிருக்கிறார். எது பழைய கதை? நேற்று பெனால்ட்டி. செயலியில் அடிக்கப்போகிறவர் பந்தைப் புள்ளியில் வைக்கவே இல்லை, அதற்குள் என் போனில் 1-0 என்று அறிவிப்பு வந்து விழுகிறது. இதற்கா காசு கட்டுகிறேன்?

குறளி: உங்கள் இணைப்பு மந்தம். ரூட்டரை அலமாரிக்குள் பூட்டி வைத்தால் அப்படித்தான்.

வேலன்_மு: வேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்புகிறார்கள். எச்எல்எஸ் என்று ஆப்பிள் உருவாக்கிய இந்த அனுப்பும் முறையில் ஒரு துண்டுக்கு 6 விநாடி என்பது ஆப்பிளே பரிந்துரைக்கும் அளவு. பிளேயர் வழக்கமாக மூன்று துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். அதிலேயே 18 விநாடி போயாச்சு. வீடியோவைச் சுருக்கும் என்கோடிங், சர்வர் எல்லாம் தனிக்கணக்கு. இணைய வேகம் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) இருந்தாலும் அந்த 18 விநாடி குறையாது.

குறளி: ஆப்பிள் 2019-லேயே குறைந்த தாமத எச்எல்எஸ் அறிவித்துவிட்டது சார். கொஞ்சம் அப்டேட் ஆகுங்கள். டிஜிட்டல் கேபிளிலும் என்கோடிங் உண்டு, அங்கேயும் தாமதம்தான்.

வேலன்_மு: அறிவித்தால் ஆச்சா? நான் பார்க்கும் செயலியில் அது வந்திருக்க வேண்டாமா? கேபிளில் சில விநாடிதான். சில விநாடியும் அரை நிமிடமும் உங்களுக்கு ஒன்றா?

மாடிவீடு: எங்கள் வீட்டில் ஆட்டமே பார்ப்பதில்லை. அம்மாவுக்குச் செய்தி சானல் வேண்டும், அவ்வளவுதான். கேபிளில் எண்ணை அழுத்தினால் வந்துவிடும். இப்போது செயலியைத் திறந்தால் "யார் பார்க்கிறீர்கள்" என்று கேட்கிறது, அப்புறம் தேடு என்கிறது, ஒவ்வொரு எழுத்தாக அம்புக்குறியில் நகர்த்த வேண்டும். அம்மா ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். இதை ஒருவரும் பேசமாட்டீர்களா?

குறளி: சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வார் அக்கா.

மாடிவீடு: நீங்கள் வந்து சொல்லிக்கொடுங்கள் தம்பி.

வேலன்_மு: அக்கா சொல்வதும் சரி. ஆனால் முதலில் அந்த 18 விநாடிக்குப் பதில் வரட்டும்.

பழைய_ஆன்டெனா: விளம்பரத் தொல்லை இல்லை என்றுதானே எல்லாரையும் இழுத்தார்கள்? 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸே விளம்பரத்தோடு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2023-ல் கடவுச்சொல் பகிர்வுக்கும் பரவலாகக் கட்டுப்பாடு வந்தது.

குறளி: விளம்பரம் வேண்டாம் என்றால் கூடுதலாகக் கட்டுங்கள். கேபிளில் அந்த வழியாவது உண்டா? பிடிக்காத மாதம் நிறுத்திக்கொள்ளலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

பழைய_ஆன்டெனா: ஒன்றை நிறுத்தினால் தொடரின் அடுத்த சீசன் இன்னொன்றில் இருக்கிறது.

வேலன்_மு: பேச்சை மாற்றுகிறார், விடாதீர்கள். இதே தளத்தில் டிவி வாங்குவது பற்றிய இழையில் "4கே-வுக்கு 5 எம்பிபிஎஸ் போதும்" என்று எழுதியவர் இந்தக் குறளிதான். மிகத் துல்லியமான 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15. 5 என்பது அதற்குக் கீழான 1080பி-க்கு. இவர் பேச்சை நம்பி எத்தனை பேர் இணைப்பு எடுத்தார்களோ!

குறளி: அது வேறு இழை. அன்றைக்கும் நீங்கள் ஒருவர்தான் கத்திக்கொண்டிருந்தீர்கள்.

வேலன்_மு: சரியாகத்தான் கத்தினேன். ஒரே ஆட்டத்தைக் கேபிளிலும் செயலியிலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, அளந்து இங்கே போடுங்கள். பார்ப்போம்.

குறளி: கேபிளை எப்போதோ வெட்டியாச்சு, எதில் அளப்பது?

வேலன்_மு: அப்படியானால் தாமதமே இல்லை என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? 18 விநாடி. பதில் சொல்லுங்கள்.